ஊற்றிக் காட்டச் சொன்ன அன்ரி

அன்றைக்குக் கராஜில் இருந்தவர்கள். அத்தான், தன் வழக்கமான நாற்காலியில். அத்தானின் கூட்டாளி ராசன், வாசல் பக்கம், எழும்பி ஓட வசதியாக. அக்கா, வீட்டுக்குள் போகிற கதவில் சாய்ந்தபடி, ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நான், பனி தள்ளும் மெசினுக்குப் பக்கத்தில். நடுவில் அன்ரி, மடியில் ஒரு அட்டைப்பெட்டி.

பெட்டிக்குள் கிளாசுகள். காலடியில் ஒரு ஜக் ஆறின பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி.

அத்தானுக்குக் குடலில் ஒபரேசன் செய்ய நாள் வைத்திருந்தது. அத்தான் ஒவ்வொரு நாளும் குடிக்கிறவர். அதை ஆஸ்பத்திரிக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாமல் போய்ப் படுத்தால் ஆள் திரும்பி வராமலும் போகலாம். அதற்காகத்தான் அன்ரி வெக்ஸ்போர்ட்டில் இருக்கிற அத்தான் வீடு வரைக்கும் வந்தார்.

வந்தது யார் என்று முதலில் சொல்கிறேன்.

அவர் எங்கள் ஆள் இல்லை. இந்த மண்ணின் ஆள். பூர்வகுடி. வடக்கே ஒரு பெரிய ஏரிக்கரையில் ஊர். பார்க்டேல் பக்கம், அவருடைய மக்களுக்கென்று நடக்கிற ஒரு சுகாதார நிலையத்தில் நான் துப்புரவு வேலை செய்தேன். நோயாளிகளை ஏற்றி இறக்குகிற வானும் நான்தான் ஓடினேன். அங்கே எல்லாரும் அவரை அன்ரி என்றார்கள். கொஞ்சம் மூத்தவர்களை அன்ரி, அங்கிள் என்பது அவர்களிடமும் உண்டு. எனக்குப் புதிதாக ஒன்றும் பழக வேண்டி இருக்கவில்லை. நானும் அன்ரி என்றேன். அவர் என்னை அங்கிள் என்றார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். இரண்டு பேரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

நாங்கள் கதைத்தது இங்கிலிசில். அவருடையது மெதுவானது. என்னுடையது உடைந்தது. இங்கே எழுதுவது என் காதுக்குள் கிடக்கிற மாதிரி.

புதிதாக வருகிறவர்களிடம் குடியைப் பற்றிக் கேட்பது அவர் வேலை. முற்ற விடாமல் முன்னுக்கே கண்டு, கூட நிற்பது. மற்ற இடங்களில் அதற்கு ஒரு தாள் வைத்திருப்பார்கள். கிழமைக்கு எத்தனை டிரிங்க் என்று கேட்டு ஒரு சரி போடுவார்கள். அன்ரி அப்படிக் கேட்கமாட்டார். பழைய சாமான் கடைகளில் பொறுக்கின கிளாசுகளைப் பெட்டியோடு முன்னால் வைப்பார். பியர் கிளாஸ், ஜாம் போத்தல், கைபிடி உடைந்த கோப்பிக் கப், ஹொக்கிப் படம் போட்ட பிளாஸ்டிக் கப்.

"வீட்டிலை எதிலை குடிப்பியள்? அதைப் போலை ஒண்டை எடுங்கோ. வீட்டிலை ஊத்துற மாதிரி ஊத்துங்கோ."

ஜக்கில் இருப்பது தேத்தண்ணிதான். நிறம் மட்டும் விஸ்கி மாதிரி. ஊற்றி முடிந்ததும் அதைத் தூக்கி, சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப்புகளில் பிரித்து ஊற்றுவார். விஸ்கி என்றால் டொக்டர்மார் ஒரு டிரிங்க் என்று சொல்வது ஒரு சின்னக் கப்தான். ஊற்றினவர் தான் ஊற்றியதைத் தானே பார்ப்பார். அன்ரி ஒன்றும் பேசமாட்டார். புத்தி சொல்லமாட்டார். பார்த்துக்கொண்டு இருப்பார். அது எவ்வளவு நேரமானாலும் சரி. வெளியே நான் துடைப்பத்தோடு நிற்பேன். அந்த அறை மட்டும் துடைக்காமல் கிடக்கும்.

பலர் கிளாசைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். குடிக்காதவர்கள். அங்கே வருகிறவர்களில் அப்படி நிறையப் பேர். ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், நான் எங்கே வேலை என்று கேட்டதும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

"உவங்கள் எல்லாம் ஒரே தண்ணியாமே?"

கேட்கிறவன் கையில் கிளாஸ் இருக்கும்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே என்னிடமும் வந்தார். நான் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். பெட்டியைத் தண்ணீர்த் தொட்டிக் கரையில் வைத்தார்.

"நான் குடிக்கிறேல்லை," என்றேன்.

"சரி. எதிலை குடிக்காமல் இருக்கிறியள் எண்டு எடுத்துக் காட்டுங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. துடைக்க வந்தவனிடம் இது என்ன கேள்வி.

"என்ரை முகத்தைப் பாத்தாத் தெரியேல்லையோ?"

"முகத்திலை ஒண்டும் தெரியாது அங்கிள்."

கோப்பிக் கப்பை எடுத்தேன். வழிய வழியத் தேத்தண்ணியை ஊற்றி, அதைக் குடித்தும் காட்டினேன். சீனி இல்லை. அவர் சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒருதரம் கேட்டார். முந்தின வருடம் இல்லை என்றவன் இந்த வருடமும் இல்லை என்பான் என்று என்ன நிச்சயம் என்பது அவர் கதை.

எல்லாரிடமும் கேட்டார். அதுதான் அவர். பிள்ளை பெற்றவள், கிழவன், கோட் சூட்டோடு கூட்டத்துக்கு வந்தவர், லிஃப்ட் திருத்த வந்தவன், டொக்டர். ஒருவரையும் விடவில்லை. லிஃப்ட்காரன் பியர் கிளாசை நிரப்பி, பிறகு ஜாம் போத்தலையும் நிரப்பி, கொஞ்ச நேரம் நின்றான். அன்றைக்கு லிஃப்ட் திருந்தவில்லை. அடுத்த நாளும் திருந்தவில்லை. மேல்மாடிக்கு வாளியை நான் காவினேன். அன்ரியிடம் சொன்னேன்.

"உங்களாலைதான் என்ரை முதுகு போச்சு."

"அவன் திரும்ப வருவான்."

வந்தான். லிஃப்டுக்கு அல்ல, அன்ரியிடம். முதுகு எனக்குப் போனது போனதுதான்.

ஒருதரம் ஒரு பெடியன் அவரைத் திருப்பிக் கேட்டான். வெல்டிங் வேலைக்காரன், வாய்க்காரன்.

"எங்களைக் கேக்கிறியள். நீங்கள் ஊத்துங்கோ பாப்பம்."

நான் கதவடியில் நின்றேன். இப்போது ஒரு பெரிய சோகக் கதை வரும் என்று நினைத்தேன். அன்ரி பியர் கிளாசை எடுத்தார். முக்கால்வாசி ஊற்றினார்.

"சனிக்கிழமையிலை. ஹொக்கி பாக்கேக்கை. எங்கடை அணி தோத்தால் முழுசா."

"அப்ப ஒவ்வொரு சனிக்கிழமையும் முழுசுதான்," என்றான் அவன்.

அதற்குப் பிறகு அவன் ஊற்றினான்.

கேட்பது லேசு என்று நினைக்கக்கூடாது. ஊற்றிக் காட்டினவர்களில் சிலபேர் அந்த நேரமே கேட்பார்கள், சரி, எனக்கு இப்ப என்ன செய்வியள் என்று. அன்ரி ஃபோனை எடுப்பார். குடியை விட உதவி செய்கிற இடங்களுக்கு அடிப்பார். பாட்டு ஓடும். பிறகு ஒரு குரல் வரும். கட்டில் இல்லை, நாளைக்கு எடுங்கோ. நாளைக்கும் எடுப்பார். பாட்டு, குரல், கட்டில் இல்லை. அந்தப் பாட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. வானில் போகும்போது என் வாயில் வரும். அன்ரி சொல்வார், "அங்கிள், வேறை பாட்டுத் தெரியாதோ?"

கட்டில் வரும்வரைக்கும் அவனைக் கைவிடமாட்டார். செவ்வாய்க்கிழமை ஃபோன் பண்ணுவார். வரச்சொல்லிச் சூப் கொடுப்பார். ஏரிக்கரையில் நடக்கக் கூட்டிப்போவார். ஒன்றும் கதைக்காமல் நடப்பார்கள். நான் வானை நிறுத்திவிட்டுக் குளிரில் இருப்பேன்.

"கேட்டுப்போட்டுப் பிறகு விடுறதெண்டால் கேக்கவே கூடாது," என்பார். கோபத்தில் சொல்வதில்லை. களைப்பில் சொல்வது. அந்தக் களைப்பைக் கண்டுதான் எனக்குக் கோபம் வரும். கட்டிலுக்குக் காத்திருந்தவர்களில் சிலர் கட்டில் வரமுதல் காணாமல் போனார்கள். அவர்களின் ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கும். அன்ரி செவ்வாய்க்கிழமையில் அதற்கும் அடிப்பார்.

ஒரு கிழவர் இருந்தார். கூரை வேலை செய்து காலம் போனவர். அன்ரியின் அறையில் எப்போதும் கிளாசைக் கவிழ்த்து வைக்கிறவர். வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இரத்தத்தில் சீனி கூடின வருத்தம் மட்டும். ஒரு நாள் காலமை ஸ்ட்ரீட்காரில் வாய் குளறி விழுந்துவிட்டார். அம்புலன்ஸ் கொண்டுபோனது. அவருடைய சட்டைப்பையில் எங்கள் நிலையத்தின் அட்டை இருந்ததால் எங்களுக்கு ஃபோன் வந்தது. நானும் அன்ரியும் வானில் போனோம்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு தள்ளுகட்டிலில் அவரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி விட்டிருந்தார்கள். குடிவெறி முறியட்டும் என்று.

அன்ரி கத்தவில்லை. நர்சிடம் போனார்.

"இவரிட்டைக் கேட்டனீங்களோ, குடிக்கிறவரோ எண்டு?"

நர்ஸ் கணினியைப் பார்த்தார். அன்ரி காவலாளியிடம் போனார்.

"நீங்கள் கேட்டனீங்களோ?"

கட்டில் தள்ளுகிறவனிடம் போனார். அவனிடமும் அதே கேள்வி. அந்த நடையில் நின்ற ஒவ்வொருவரிடமும் அதையே கேட்டார். ஒருவரும் கேட்கவில்லை. மணந்து பார்த்தவர்கூட இல்லை. எனக்கு யாரையாவது பிடித்துத் தள்ளவேண்டும் போல இருந்தது. அன்ரி அடுத்த ஆளிடம் போய்க்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு டொக்டர் வந்தார். விரலில் குத்திச் சீனி பார்த்தார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார். பிறகு எல்லாரும் ஓடினார்கள். மூளையில் இரத்தம் கட்டியிருந்தது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. கிழவர் தப்பினார். வலது கை தப்பவில்லை. பிறகு அன்ரியிடம் வந்தபோது இடது கையால்தான் கிளாசைக் கவிழ்த்தார்.

திரும்பி வரும்போது வானில் அன்ரி சொன்னார்.

"முகத்தைப் பாத்து எழுதிப்போட்டினம்."



இப்படி இருக்கும்போது மனேச்சர் ஒரு டப்லட், விரலால் அமத்துகிற கணினி, கொண்டுவந்தார். மனேச்சர் கெட்டவர் இல்லை. காசு தருகிறவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும். அன்ரி ஒரு நாளில் கேட்கிற ஆட்களைவிட டப்லட் கூடப்பேரிடம் கேட்கும். வாசலில் அதை நீட்டுவார்கள். குடிப்பீர்களா? வாரத்துக்கு எத்தனை? எல்லாரும் இல்லை என்பதை அமத்திவிட்டுப் போய் இருப்பார்கள். எனக்கும் நீட்டினார்கள். எட்டாம் வகுப்புப் படித்தவன் நான், பாதி விளங்கவில்லை. இல்லை, இல்லை, இல்லை என்று அமத்தினேன். டப்லட் நன்றி சொன்னது.

"எல்லாருக்கும் சுகம் வந்திட்டுது," என்றார் அன்ரி.

பங்குனி முடிவோடு அவர் வேலையும் இல்லை என்று சொன்னார்கள். பெட்டியைத் தன் வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்றார்கள். ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி.

அந்த மாதத்தில்தான் நான் அத்தானைப் பற்றிச் சொன்னது. சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. லேக்ஷோர் ரோட்டில் டிரபிக்கில் நின்றோம்.

"என்ன அங்கிள், முகம் சரியில்லை."

"முகத்திலை ஒண்டும் தெரியாது எண்டனீங்கள்."

"கேக்கிறதுக்குத்தான் பாக்கிறது."

சொன்னேன். அக்காவையும் அத்தானையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். அங்கே ஒரு நர்ஸ் கேள்விகள் கேட்டார். புகைப்பதா, அலர்ஜி இருக்கா. குடிக்கு வந்ததும் அக்காவைப் பார்த்தார். பெரிய பொட்டு. திருநீறு. அத்தானின் கையில் கோவில் நூல். "குடி இல்லைத்தானே?" என்று கேட்டார். பதிலையும் சேர்த்தே கேட்டார். அக்கா இல்லை என்றா. நர்ஸ் அடுத்ததுக்குப் போனார்.

அன்ரி முன் கண்ணாடியையே பார்த்தார்.

"எவ்வளவு குடிப்பார்?"

"ஒரு கப் எண்டுவார்."

"என்ன கப்?"

 அந்தக் கப்பை எனக்குத் தெரியும். எவர்சில்வர். எங்கள் கலியாண வீடுகளில் மேசைக்குத் தண்ணீர் வைக்கிற பெரிய கப்பின் உயரம்.

அன்ரி விளங்கப்படுத்தினார். ஒவ்வொரு நாளும் அப்படிக் குடிக்கிறவன் திடீரென்று நிறுத்தினால் உடம்பு பொறுக்காது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வலிப்பு வரலாம். அறிவு தடுமாறலாம். வெட்டின குடலோடு அது வந்தால் ஆள் தப்புவது கஷ்டம். முன்னுக்கே சொன்னால் அதற்கு மருந்து இருக்கு. சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. பயத்தில் தானாக நிறுத்தினாலும் அதே ஆபத்துத்தான்.

"அக்காவுக்குச் சொல்லுங்கோ," என்றார்.

சொன்னேன். அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தா.

"ஆஸ்பத்திரியிலை ஏன் இல்லை எண்டனீங்கள்?"

"பின்னை? அந்த நர்ஸ் பிள்ளைக்கு முன்னாலை மானத்தை விக்கச் சொல்லுறியோ?"

"உயிர் போகும் அக்கா."

"ஆர் சொன்னது? உன்ரை அந்தச் செவ்விந்தியக்காரியோ?"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ."

"வேறை எப்பிடிச் சொல்லுறது?"

"அன்ரி எண்டு."

அக்கா கத்தியை வைத்தா.

"தம்பி, அவர் ஒரு கப்தான் குடிக்கிறவர். ஒருநாளும் ரண்டாவது கப் ஊத்தினதில்லை. வேலைக்குப் போகாமல் நிண்டதில்லை. என்னிலை கைவைச்சதில்லை. உதுக்குப் பேர் குடியோ?"

அவ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை மடக்கியது. அத்தானிடம் போனேன். அத்தான், "நீ வானை ஓடு, என்னை ஓடாதை," என்றார். எங்கள் டொக்டரிடம் சொல்லலாம் என்று யோசித்தேன். அங்கே இருக்கிற கதிரை எல்லாவற்றிலும் எங்கள் சனம். கதவு மெல்லியது. அத்தான் அங்கே இருமவும் மாட்டார்.

திங்கள் வேலைக்குப் போய், என்னால் ஏலாது என்றேன்.

"எனக்கு உங்கடை ஆக்களைப் பாக்கச் சம்பளம் இல்லை," என்றார் அன்ரி. "சனிக்கிழமையிலை எனக்கு ஆருமே சம்பளம் தாறேல்லை. சனிக்கிழமை வாறன்."

அப்படித்தான் அவர் கராஜுக்கு வந்தது. பின்னேரம் மூன்று மணி. ஹீட்டர் சிவந்துகொண்டிருந்தது. அத்தானுக்கு இன்னும் நேரம் வரவில்லை. அவர் ஐந்துக்குத்தான் தொடங்குவார்.

ராசன் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, உங்களுக்கு ஊத்திப் பழக்க ரியூசன் ரீச்சர் வந்திருக்கிறா."

"பேசாமல் இரடா."

"என்ன சொல்லுறார்?" என்று அன்ரி என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் பெட்டியை ராசன் பக்கம் திருப்பினார்.

"அப்ப உங்களிலை இருந்து தொடங்குவம்."

ராசனின் சிரிப்புக் குறைந்தது. ஆகச் சின்னக் கிளாசைத் தேடி எடுத்தான். அடி நனைய ஊற்றினான்.

"உது உவன் வாய் கொப்பளிக்கிறது," என்றார் அத்தான்.

ராசனுக்குக் காரைத் தெருவில் விட்டது ஞாபகம் வந்தது. பனிக்காலத்தில் தண்டப்பண டிக்கட் போடுவார்கள் என்றான். போனவன் வரவில்லை.

நான் கோப்பிக் கப்பை நிரப்பிக் குடித்தேன். இந்த முறையும் சீனி இல்லை. பிறகு அன்ரி அக்காவிடம் பெட்டியை நீட்டினார்.

"எனக்கோ?"

"எல்லாருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தா. "என்ரை வாழ்க்கையிலை ஒருத்தரும் என்னட்டை இதைக் கேட்டதில்லை."

கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டிக்குள் இருந்த பியர் கிளாசை எடுத்துக் கவிழ்த்து வைத்தா. அன்ரி நன்றி சொன்னார். பெட்டி அத்தானிடம் போனது.

அத்தான் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எனக்குத் தோதான கிளாஸ் இதுக்குள்ளை இல்லை."

"பரவாயில்லை. காத்திருக்கிறன்."

"நான் ஒரு கப்தான். எல்லாருக்கும் தெரியும். மனிசியைக் கேளுங்கோ."

மொழிபெயர்த்தேன்.

"மனிசியைக் கேட்டாச்சு," என்றார் அன்ரி. "அவ ஒண்டும் குடிக்கிறேல்லை."

அத்தானுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.  அன்ரி கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். எனக்கு அந்த இருப்புத் தெரியும். அதற்கு முடிவே இல்லை. அத்தானுக்குத் தெரியாது. அவர் ஃபோனைப் பார்த்தார். மிக்சர் டின்னைத் திறந்தார், மூடினார். ஹீட்டரைத் திருப்பி வைத்தார். நான்கு மணியானது. நான் அன்ரிக்கு, போவோமா என்று கண்ணைக் காட்டினேன். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். எனக்கு இரண்டு பேரிலும் ஆத்திரம்.

அக்கா உள்ளே போனா. பைப் ஓடுகிற சத்தம் கேட்டது. வந்தபோது கையில் அந்த எவர்சில்வர் கப். மற்றக் கப்புகளோடு அதை வைக்கிறதில்லை. அரிசி மூட்டைக்குப் பின்னால் இருப்பது. துடைத்து, மடக்கு மேசையில் அத்தானுக்கு முன்னால் வைத்தா.

"இதுதான் அந்த ஒரு கப்."

அத்தான் கப்பைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா திரும்பவும் கதவடிக்குப் போகவில்லை. அங்கேயே நின்றா.

அத்தான் ஜக்கைத் தூக்கினார். ஐந்து மணிக்கு முன்பு அவருக்குக் கை நடுங்கும். தேத்தண்ணி கொஞ்சம் மேசையில் சிந்தியது. ஊற்றினார். கப்பில் ஒரு நெளிவு உண்டு. அந்த நெளிவு வந்ததும் நிறுத்தினார். பார்க்காமலே அந்த இடத்தில் நிறுத்தினார்.

அன்ரி சின்னக் கப்புகளை அடுக்கத் தொடங்கினார். ஊற்றினார். அடுத்தது. அடுத்தது. வரிசை போய்க்கொண்டிருந்தது. மேசையில் இடம் போதாமல் கடைசிக் கப்பை என் கையில் தந்தார். எல்லாரும் எண்ணினோம். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"தேத்தண்ணி எண்டபடியாலை கூட ஊத்திப்போட்டன்," என்றார் அத்தான்.

"ஓம். அப்பிடியும் இருக்கும்," என்றார் அன்ரி. வாதாடவில்லை.

பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னார். நீங்களாக நிறுத்தவேண்டாம். அடுத்தமுறை கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கோ. அவர்கள் மருந்து தருவார்கள், குறைக்கக் காட்டித் தருவார்கள், ஒபரேசன் நாளைக் கொஞ்சம் தள்ளுவார்கள். அவ்வளவுதான்.

"என்னைக் குடிகாரன் எண்டு எழுதிப்போடுவாங்கள்."

"எழுதுவினம். எங்கடை ஆக்களுக்குக் கேளாமலே எழுதுவினம். நீங்கள் வாயாலை சொல்லி எழுதுவிக்கலாம். உங்களுக்கு அந்த வசதி இருக்கு."

இதை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"சொல்லுவியளோ?" என்று கேட்டார்.

"பாப்பம்," என்றார் அத்தான்.

எங்கள் ஆட்கள் பாப்பம் என்றால் செய்யமாட்டோம் என்று அர்த்தம். வானில் வைத்து அன்ரிக்கு அதைச் சொன்னேன்.

"எங்கடை ஊரிலையும் அதுதான் அர்த்தம்," என்றார். களைத்துப்போய் இருந்தார். பெட்டி மடியில் கிலுங்கிக்கொண்டு வந்தது.  இறங்கும்போது அத்தானின் ஃபோன் நம்பரைக் கேட்டு வாங்கினார்.

பங்குனி முடிந்தது. நிலையத்தில் கேக் வெட்டினார்கள். அன்ரி வடக்கே ஊருக்குப் போய்விட்டார். அவருடைய அறையில் இப்போது பிரிண்டர் வைத்திருக்கிறார்கள். அதைத் துடைப்பது லேசு. கதவடியில் நிற்கத் தேவையில்லை.

பிறகுதான் அக்கா சொன்னா, செவ்வாய்க்கிழமையில் அத்தானுக்கு ஒரு ஃபோன் வருகிறதாம்.

அத்தானைக் கேட்டேன். "அன்ரி என்ன கதைக்கிறவ?"

"ஒண்டும் இல்லை. எப்பிடி எண்டு கேப்பா. ஓகே எண்டுவன். பிறகு அவவும் கதைக்கிறேல்லை, நானும் கதைக்கிறேல்லை. சும்மா பிடிச்சுக்கொண்டிருப்பம்."

"எடுக்காமல் விடலாமே."

"விட்டுப் பாத்தனான். திரும்ப எடுக்கிறா. விசர் மனிசி."

கப் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்து வெளியே வந்திருந்தது. மற்றக் கப்புகளோடு, எல்லாரும் காண இருந்தது. ஐந்து மணிக்கு அதில்தான் ஊற்றினார். நெளிவு வரைக்கும்தான். நான் அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பாடுபட்டும் என்ன கண்டோம் என்று நினைத்தேன். அன்ரிக்கு ஃபோன் பண்ணித் திட்டவேண்டும் போல இருந்தது. என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை.

மயக்கமருந்து கொடுக்கிறவர்கள் ஒபரேசனுக்கு முன் கூப்பிட்டார்கள். நான்தான் கூட்டிப்போனேன். சின்ன அறை. மூன்று கதிரை. இந்த நர்ஸ் வேறு ஆள், இளம்பிள்ளை. கணினியில் முந்தினது எல்லாம் ஏற்கெனவே இருந்தது. அவர் சரி பார்த்துக்கொண்டு வந்தார். அலர்ஜி இல்லை. புகை இல்லை.

"அல்கஹோல் இல்லை," என்று வாசித்தார். கேள்விகூட இல்லை. விரல் அடுத்த பக்கத்துக்குப் போக நின்றது.

அக்கா வாயைத் திறந்தா. மூடினா. மடியில் கிடந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தா. நர்ஸ் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். அது நான் சொல்லவேண்டிய பதில் இல்லை.

அத்தான் அக்காவிடம் மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"நீ சொல்லப்பா."

"நான் இவ்வளவு நாளும் சொன்னது போதும். நீங்கள் சொல்லுங்கோ."

சுவரில் ஒரு மணிக்கூடு. சத்தம் இல்லாத மணிக்கூடு. நர்ஸ் விரலை எடுத்தார். கதிரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"குடிப்பீங்களா?" என்று கேட்டார். இந்த முறை பதில் சேர்க்காமல் கேட்டார்.

அத்தான் ஓம் என்று தலையை ஆட்டினார்.

"ஒரு நாளுக்கு எத்தனை?"

அத்தான் கையை விரித்துப் பார்த்தார். ஒரு கப் என்று வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் மேசையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. இல்லாத எதையோ ஒரு கரையில் இருந்து மற்றக் கரைவரைக்கும் எண்ணினார். கடைசியாக என் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

ஒன்பது.